மிதி, பிடி, விடு

மிதித்தால் தரைவரை போய்விடுகிறது.
பிரேக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.
இரண்டாம் மிதிக்குக் கொஞ்சம் வரும்,
மூன்றாவதுக்கு நன்றாகவே பிடிக்கும்.
டனீடன் நகரத்து இறக்கங்களில்
மூன்றாம் மிதிவரை யார் காத்திருப்பார்கள்?

ஐம்பத்தொன்பதாம் வருஷத்து மோரிஸ் மைனர்.
இதில் மாஸ்டர் சிலிண்டரை
ஓட்டுகிறவரின் காலடியில், தரைக்கும் கீழே,
சேஸிஸ் இரும்பின் வயிற்றுக்குள் ஒளித்திருக்கிறார்கள்.
கம்பளத்தைச் சுருட்டி, தகட்டைக் கழற்றி,
பிறகு மல்லாந்து அடியில் நுழைந்தால்
நீளமாய் இரண்டு போல்ட்டுகள்.
அவற்றை உருவ விடாமல் குறுக்கே ஒரு முறுக்குக் கம்பி.
ஆனால் எனக்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ
போல்ட்டுகளை மறுபக்கமிருந்து செருகி வைத்திருந்தான்.
பெயர் தெரியாத அவனுக்காக
ஜூலை மாதத்துக் குளிர்ந்த சிமென்ட்டில் கிடந்தபடி
ஒரு நிமிஷம் சிரித்தேன்.

சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன்.
சர்க்ளிப் துள்ளிப் போய் ஃபிரிட்ஜில் மோதியது.
பிஸ்டன், வாஷர், ரப்பர்க் கிண்ணம், ஸ்பிரிங், வால்வு.
வந்த வரிசை கலையாமல் கிடத்தினேன்,
வார்டில் மருந்துத் தட்டு அடுக்கிப் பழகிய கை.
கிண்ணத்தின் உதடு ஒரு பக்கம் மழுங்கியிருந்தது.
ஒரு காரையே இவ்வளவு காலம் நிறுத்தியது
இந்த உதடுதான்.

பிரேக் ஆயில் என்கிறோம், அது ஆயிலே இல்லை.
மூடி வைத்தாலும் காற்றின் ஈரத்தைத்
திருட்டுத்தனமாய்க் குடிக்கும்.
பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட்டைத் தின்னும்.
உள்ளே இருந்ததோ ஆறிப்போன தேநீர் நிறம்.

சிலிண்டரின் உள்சுவரில் சுண்டுவிரலை ஓட்டினேன்.
ஓரிடத்தில் நகம் மாட்டியது.
தேய்த்தேன். மறுபடி நகம்.
மாட்டவில்லை என்றே நினைத்தேன்.
நினைத்தேன் என்பது போதாத இடம் இது.
இன்னும் தேய்த்தேன்.
ஸ்பிரிட்டில் கழுவி, புது ரப்பருக்குச் சிவப்புக் கிரீஸ் தடவி,
உதடு முன்பக்கம் பார்க்கிறதா என்று
மூன்று தடவை பார்த்தேன்.

இதுவரை தனியாள் வேலை.
குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற மட்டும்
இன்னொரு கால் வேண்டும்.
காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருவில்
வீட்டில் இருக்கிற கால் ஃபலனிகோவுடையது.
துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு இறக்கியவர்.
பிப்ரவரியில் அவருடைய சேவலைப் பற்றி
நகரசபைக்கு எழுதியவள் நான்.
இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவள் என்று
காரணமும் எழுதியிருந்தேன்.
ஏப்ரலில் கூண்டு காலியானது.
அதிலிருந்து எங்களுக்குள் வணக்கமும் இல்லை.

கதவைத் தட்டினேன்.
என் கைகளின் கறுப்பைப் பார்த்தார்.
எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டினார்.

சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரம் முதலில்,
இடது பின்பக்கம்.
ரப்பர்க் குழாயின் மறுமுனை ஜாம் பாட்டிலில்.
மிதி, என்றேன் அடியிலிருந்து.
பிடி.
நிப்பிளைத் திறந்தேன், குமிழிகள் ஓடின, மூடினேன்.
விடு.
மிதி. பிடி. விடு.
ஆறு மாதத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம்
இந்த மூன்று சொற்கள்தான்,
அதுவும் முகம் பாராமல், ஏவல் வினையில்.

மூன்றாம் சக்கரத்தில் இருக்கும்போது
மேலிருந்து குரல் வந்தது:
"அதன் பேர் கேப்டன்."

ஸ்பேனர் என் கையில்.
அவர் கால் மிதியில், அழுத்தியபடியே.
நான் மூடாமல் அவர் விட்டால்
வெளியே போன காற்றெல்லாம் திரும்பி உள்ளே வரும்.
"பிடிச்சுக்கங்க," என்றேன்.
பிடித்திருந்தார்.
நான் மூடினேன்.
விடு என்று சொல்லக் கொஞ்சம் நேரமானது.

நான்காவதில் குமிழியே இல்லை.
மிதி பாதி தூரத்தில் கல்லாய் நின்றது.
"நிக்குது," என்றார் ஃபலனிகோ. இறங்கினார்.
தேநீர் வேண்டாமாம்.
மட்கார்டில் நான் சிந்திய இரண்டு சொட்டை
ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில்
பணி முடிந்து இறக்கத்தில் வந்தேன்.
அவர் வாசலருகே ஒரே மிதி.
நின்றது.
வீட்டுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
எதுவும் கூவவில்லை.